கொழுப்பு பேசும் மொழி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் “கொழுப்பெடுத்துப் பேசுகிறான்” என்பார்கள். வேலை செய்ய மறுத்தால் “தின்ற கொழுப்பு” என்பார்கள். கொழுப்புக்கும் வாய்க்கும் ஏதோ தொடர்பு உண்டென்று நம் முன்னோர் எண்ணியிருக்க வேண்டும். அவர்கள் வசையாகச் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது என்று விலங்கியல் மாணவியாகிய நான் இப்போது சொல்வேன். கொழுப்பு பேசத்தான் செய்கிறது. வாயால் அன்று, இரத்தத்தில் புரதங்களைக் கலந்துவிட்டுப் பேசுகிறது. அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவை என் வீட்டிலேயே எனக்கு ஏற்பட்டது.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் தந்தையாரின் காலில் வேலிக்காத்தான் முள் ஏறியது. ஒரு வாரத்தில் ஆற வேண்டிய புண் ஆறு வாரமாகியும் ஆறவில்லை. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அதில் ‘ஹெச்.பி.ஏ.1.சி. 9.4’ என்று இருந்தது. நீரிழிவு நோய் என்றார் மருத்துவர்.

தந்தையார் நம்பவில்லை. “எனக்கேது கண்ணு கொழுப்பு? எலும்புந் தோலுமா இருக்கறேன். சக்கரை வியாதியெல்லாம் உக்காந்து திங்கறவங்களுக்கு வர்றது” என்றார். என் தாயார் சீட்டை என்னிடம் நீட்டி, “நீ படிக்கற படிப்புல இதுக்கு அர்த்தம் போட்டிருக்குமே, சொல்லு சாமி” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு எங்கள் துறைப் பேராசிரியர்களைக் கேட்டும், நூலகத்தில் தேடியும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தருகிறேன். என் தந்தையார் கேட்ட கேள்வி எளிய கேள்வி. ஒல்லியான மனிதனுக்குக் கொழுப்பால் வரும் நோய் எப்படி வந்தது?

சீட்டில் இருந்த எண்

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். நம் இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் இருக்கிறது. உயிர்வளியைச் சுமந்து செல்வது அதன் தொழில். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் என்னும் சர்க்கரை, நொதி எதன் உதவியும் இன்றி, தானாகவே இப்புரதத்தின் ஒரு முனையில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். நிலையாக ஒட்டிவிட்ட சர்க்கரை, அந்த அணு அழியும்வரை விலகுவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். எனவே, ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு முழுவதும் தெரிந்துவிடும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

ஈரான் நாட்டின் டெஹ்ரானில் பணியாற்றிய சாமுவேல் ரஹ்பர் என்னும் அறிஞர் 1968இல் நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் இயல்புக்கு மாறான ஹீமோகுளோபின் இருப்பதைக் கண்டார். அதன் அளவைக் கொண்டு நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று அறியலாம் என்பதை 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று 5.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நோயின் வாயிற்படி, 6.5உம் அதற்கு மேலும் நோய் என்று கொள்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவால் சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் சற்றே கூடுதலாகக் காட்டக்கூடும். ஆதலால் அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. என் தந்தையாரின் 9.4 என்பது, அந்த மாதங்களில் அவர் இரத்தத்தில் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 223 மில்லிகிராம் சர்க்கரை இருந்தது என்று பொருள்படும்.

ஒரு நோயின் வரவையோ இருப்பையோ தன் அளவால் நமக்கு உணர்த்தும் புரதத்தை ‘அடையாளப் புரதம்’ எனலாம். ஹெச்.பி.ஏ.1.சி. அத்தகையது. ஆனால் அது வீடு எரியத் தொடங்கிய பின் வரும் செய்தி. தீப்பொறி விழுவதற்கு முன்பே செய்தி சொல்லும் புரதங்கள் உண்டா என்ற கேள்விதான் அறிவியலாரைக் கொழுப்பின் பக்கம் அழைத்துச் சென்றது.

மடையும் வாய்க்காலும்

அதற்கு முன் இரண்டாம் வகை நீரிழிவு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. வயலுக்குள் அது பாய வேண்டுமானால் ஒருவர் மடையைத் திறக்க வேண்டும். இரத்தம் வாய்க்கால், சர்க்கரை தண்ணீர், தசையும் கொழுப்புத் திசுவும் வயல்கள். மடையைத் திறக்கும் ஆள்தான் இன்சுலின். கணையத்தில் சுரக்கும் இதுவும் ஒரு புரதமே. 51 அமினோ அமிலங்களால் ஆனது. 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இதைப் பிரித்தெடுத்தார்கள்.

முதல் வகை நீரிழிவில் மடை திறக்கும் ஆளே இல்லை. இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோகின்றன. இரண்டாம் வகையில் ஆள் இருக்கிறான். மடைதான் துருப்பிடித்துத் திறக்க மறுக்கிறது. கணையம் மேலும் மேலும் ஆள்களை அனுப்புகிறது. சில ஆண்டுகள் இப்படிச் சமாளித்துவிட்டுக் கணையமும் களைத்துப்போகிறது. அப்போது வாய்க்கால் கரைபுரண்டு ஓடியும் வயல் காய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் என் தந்தையார் எப்போதும் சோர்வாக இருந்ததன் காரணம் இதுவே. ஆனால், மடை ஏன் துருப்பிடித்தது?

குதிர் அன்று, சுரப்பி

நெல்லைக் கொட்டி வைக்கும் குதிரைப் போலக் கொழுப்புத் திசு உபரி உணவைச் சேமித்து வைக்கும் வாயில்லாப் பாத்திரம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு குண்டு எலி.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1949ஆம் ஆண்டு, தின்று தின்று உருண்டையாகப் பருத்த சுண்டெலிகள் சில பிறந்தன. மரபணு ஒன்றில் ஏற்பட்ட பிழையே அதற்குக் காரணம். பின்னர் வேறொரு மரபணுப் பிழையால் பருத்து, நீரிழிவும் அடைந்த எலிகளும் அங்கே கிடைத்தன. டக்ளஸ் கோல்மன் என்ற அறிஞர் இரண்டிரண்டு எலிகளை அறுவை செய்து ஒன்றாக இணைத்து, ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குள் சிறிது கலக்குமாறு செய்தார். பருத்த எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது, பருத்த எலி தீனியைக் குறைத்தது. ஆனால் நீரிழிவு எலியோடு இணைக்கப்பட்ட இயல்பான எலியோ உண்ண மறுத்துப் பட்டினியால் இறந்தது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. பருத்த எலிக்கு அப்பொருள் இல்லை. நீரிழிவு எலிக்கு அது மிகுதியாக இருந்தும் கேட்கும் செவி இல்லை என்று கோல்மன் முடிவு கட்டினார்.

அப்பொருளுக்கான மரபணுவை 1994ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தனர். அது கொழுப்பு அணுக்களில் உருவாகும் புரதம். மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ‘லெப்டின்’ என்று பெயரிட்டார்கள். குதிர் என்று நினைத்தது ஒரு நாளமில்லாச் சுரப்பி என்பது அன்று உறுதியாயிற்று.

லெப்டின் வந்துவிட்டது, இனிப் பருமனே இருக்காது என்று உலகமே மகிழ்ந்தது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத பிள்ளைகளுக்கு அது உண்மையில் உயிர்மருந்தாக அமைந்தது. 1997இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் விவரித்த அத்தகைய ஒரு சிறுமி எட்டு வயதில் 86 கிலோ எடை இருந்தாள். ஆனால் பருமனான ஏனையோரின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு லெப்டின். கொழுப்பு கத்திக்கொண்டே இருக்கிறது. மூளை அதைக் கேட்பதில்லை. தண்டோராக்காரன் நாள்தோறும் அடித்தால் ஊர் அதைப் பொருட்படுத்தாது அல்லவா?

குறைந்துபோகும் தூதன்

அடுத்த ஆண்டுகளில் மற்றொரு புரதம் கிடைத்தது. 1995, 1996ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல குழுவினர் தனித்தனியே கண்ட இப்புரதத்துக்கு ‘அடிபோனெக்டின்’ என்ற பெயர் நிலைத்தது. இதுவும் கொழுப்பு அணுக்கள் உருவாக்குவதே. இரத்தத்தில் லெப்டினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம். ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் ஓடுகிறது. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பை எரிக்கத் தூண்டுவதும், இன்சுலினின் சொல்லுக்கு உடலைப் பணியச் செய்வதும் இதன் பணிகள் என்று எலிகளில் நடந்த சோதனைகள் காட்டின.

இதில் ஒரு விந்தை உண்டு. கொழுப்பு உருவாக்கும் பொருளாயிற்றே, கொழுப்பு மிகுந்தால் இதுவும் மிக வேண்டாமா? இல்லை, குறைகிறது! கொழுப்பு அணுக்கள் அளவுக்கு மீறி உப்பிவிட்டால் அவை நல்ல செய்தியைக் குறைத்துக்கொள்கின்றன. குறிப்பாக வயிற்றுக்குள், குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு அடிபோனெக்டின் குறைவாக இருப்பதைக் கண்டார்கள்.

நம் சென்னையிலேயே ஒரு முக்கிய ஆய்வு நடந்திருக்கிறது. சி. சினேகலதா, அ. இராமச்சந்திரன் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களில் யாருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் என்பதை அடிபோனெக்டின் குறைவு தனித்து நின்று முன்னறிவிப்பதாகக் கண்டனர். பல நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை, ஏறத்தாழ 14,600 பேரின் கணக்கை, ஒன்றாகத் தொகுத்து 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் அதையே சொன்னது. அடிபோனெக்டின் மிகுந்திருந்தால் நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவு.

சாம்பலுக்குள் கங்கு

கொழுப்பு அனுப்பும் செய்திகள் எல்லாம் நல்லவை அல்ல. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவதை அழற்சி என்கிறோம். வெள்ளணுக்கள் வந்து போரிடுவதால் ஏற்படுவது அது. 1993இல் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் உருவாவதையும், அது இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும் காட்டினார்கள். உப்பிய கொழுப்புத் திசுவுக்குள் வெள்ளணுக்களின் ஒரு வகையான பெருவிழுங்கிகள் புகுந்து குவிவதை 2003இல் கண்டார்கள். காயம் இல்லை, கிருமி இல்லை, ஆயினும் சாம்பலுக்குள் கங்கு போலச் சிறு அழற்சி ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. மடை துருப்பிடிப்பதற்கான காரணங்களுள் இஃது ஒன்று.

கொழுப்புத் திசு வெளியிடும் இன்டர்லூகின்-6 என்ற மற்றொரு புரதம் கல்லீரலுக்குச் சென்று, சி-ரியாக்டிவ் புரதத்தை உருவாக்கச் சொல்கிறது. இந்தச் சி-ரியாக்டிவ் புரதத்தை, நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் 1930இலேயே டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் கண்டுபிடித்திருந்தனர். காய்ச்சல், தொற்று என்றால் மருத்துவமனைகளில் இன்றும் இதைச் சோதிப்பார்கள். நோயில்லாத பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2001இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டு புரதங்களும் தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னர் நீரிழிவு அதிகம் வந்ததைக் கண்டனர்.

கோழி கூவியா பொழுது விடிகிறது?

இவ்வளவும் படித்தபோது எனக்கு ஒரு பேராசை தோன்றியது. அடிபோனெக்டினை ஊசியாகப் போட்டுவிட்டால் என்ன? சி-ரியாக்டிவ் புரதத்தைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? இதை எங்கள் பேராசிரியரிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, “கோழி கூவியா அம்மா பொழுது விடிகிறது?” என்று கேட்டார்.

கோழி கூவுகிறது, பொழுது விடிகிறது. நாள் தவறாமல் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. அதற்காகக் கோழியின் வாயைக் கட்டிவிட்டால் பொழுது விடியாமல் இராது. அடையாளம் வேறு, காரணம் வேறு. ஒரு புரதம் நோயை முன்னறிவிக்கிறது என்பதாலேயே அதுதான் நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டையும் பிரித்தறிய அறிவியலார் ஓர் அழகிய வழியைக் கையாளுகிறார்கள். தாய் தந்தையரிடமிருந்து எந்த மரபணு வடிவம் நமக்கு வரும் என்பது திருவுளச்சீட்டுக் குலுக்குவது போன்றது. பணக்காரர், ஏழை, பருத்தவர், மெலிந்தவர் என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. சிலருக்குப் பிறப்பிலேயே சி-ரியாக்டிவ் புரதம் சற்று மிகுதியாக உருவாகும் மரபணு வடிவம் வாய்க்கிறது. அப்புரதமே நீரிழிவுக்குக் காரணமானால், அவர்களுக்கு நீரிழிவும் மிகுதியாக வர வேண்டும். வரவில்லை என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே சி-ரியாக்டிவ் புரதம் கூவும் கோழியே. பொழுது விடிவது வேறொன்றால்.

அடிபோனெக்டினுக்கும் இதே சோதனை வைக்கப்பட்டது. எலிகளில் நோயைக் குறைத்த அந்தப் புரதத்தை, மனிதரிடையே பிறப்பிலேயே சற்றுக் குறைவாகப் பெற்றவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வரவில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு கூறியது. இன்சுலினுக்குப் பணியாத உடலில் அடிபோனெக்டின் குறைகிறதே தவிர, அது குறைவதால் உடல் பணிய மறுக்கிறது என்று சொல்வதற்கில்லை என்பது அதன் கருத்து. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்திவிடாது என்பதை நான் இங்கே கற்றேன்.

இன்று சில துளி இரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே வேளையில் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. பிரிட்டனில் 54,000க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தில் ஏறத்தாழ 2,900 புரதங்களை அளந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவற்றுள் எவை கோழி, எவை கதிரவன் என்று பிரிக்கும் பணி நடந்து வருகிறது.

ஒல்லி உடலில் ஒளிந்த கொழுப்பு

இனி என் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் எடை 62 கிலோ. உயரம் 165 செண்டிமீட்டர். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீட்டெண். அவருக்கு அது 22.8. ஆசிய மக்களுக்கு 23க்குக் கீழ் இருந்தால் இயல்பு. அப்படியானால் கணக்கு எங்கே தவறிற்று?

புனே நகரின் மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக்கும், இலண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கோ 21.2 விழுக்காடு! ஒரே குறியீட்டெண். உள்ளே இரு மடங்குக்கு மேல் வேறுபாடு. தராசு எடையைச் சொல்லும். அது தசையா கொழுப்பா என்று சொல்லாது.

இந்த வேறுபாடு பிறக்கும்போதே தொடங்குவதாக யாஜ்னிக் குழுவினர் கண்டனர். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் பெரிதும் குறைந்திருந்தன; தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. நாம் மெலிந்த கொழுப்பர்களாகவே பிறக்கிறோம்! உணவுக்குப் பின் இன்சுலினின் சொற்கேட்டுச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய வயல் நம் தசையே. அந்த வயல் சிறிதாகவும், வயிற்றுக்குள் கொழுப்பு பெரிதாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வரும் இரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் செல்கிறது. அங்கே பேசும் பேச்சு முதலில் கல்லீரலின் காதில் விழுகிறது.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பார்கள். அகத்தின் கொழுப்பு முகத்தில் தெரிவதில்லை, கைகால்களிலும் தெரிவதில்லை. என் தந்தையார் இளமையில் நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். முதுகு தாங்காததால் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நூற்பாலையில் இரவுக் காவலராக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மூட்டை தூக்கிய தசை கரைந்தது; வயிறு மட்டும் மெல்ல முன்னே வந்தது. அவர் சொன்னதில் ஒரு பாதி சரிதான்: இந்நோய் உட்கார்ந்திருப்பவர்களைத் தேடி வருகிறது. ஆனால் ஏழையும் பிழைப்புக்காக உட்கார வேண்டிய காலம் இது.

தாயாரின் அங்குல நாடா

அன்று அந்த மருத்துவர் செய்த ஒரு செயல் என் நினைவில் நிற்கிறது. தந்தையாரைத் தராசில் நிறுத்திவிட்டு, பிறகு ஒரு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார். “கொழுப்பு இங்கே இருக்கிறது” என்றார். 94 செண்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செண்டிமீட்டர். அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்துள்ளது என்று கொள்ள வேண்டும். என் தாயார் தையல் வேலை செய்பவர். அவருடைய நாடாவின் ஒரு பக்கத்தில் அங்குலமும் மறுபக்கத்தில் செண்டிமீட்டரும் உண்டு. ஊரார் இடுப்பையெல்லாம் அளந்த அந்த நாடா எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று எங்களுக்குத் தெரியாமற் போயிற்று.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் இந்திய மக்களுக்கென்று ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கே கேள்விகள். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். மொத்தம் 100. அதில் 60உம் அதற்கு மேலும் பெற்றால் ஆபத்து அதிகம். இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். தந்தையாருக்கு வயது 49, அதற்கு 20. இடுப்புக்கு 10. அமர்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை; அதற்கு 30. ஆக மொத்தம் 60! தேர்வில் மதிப்பெண் வாங்க ஆசைப்படும் நான், இந்தத் தேர்வில் அவர் தேறியிருக்கக் கூடாதே என்று வருந்தினேன்.

வருமுன் காக்க முடியுமா? முடியும் என்பதற்கும் சென்னையிலிருந்தே சான்று உண்டு. நோயின் வாயிற்படியில் நின்ற 531 பேரை அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுடைய உடல் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு மாறாதபோதும் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது.

2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் நோயின் வாயிற்படியில். அந்த 13.6 கோடிப் பேருக்கும் ஆயிரம் புரதங்களைச் சோதிக்க நம்மால் இயலாது. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தையல் நாடா இருக்கிறது.

முடிவாக

என் தந்தையாரின் புண் ஆறிவிட்டது. மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறார். ஆலையில் மணிக்கொரு முறை எழுந்து சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறார். இரவில் கொண்டு செல்லும் தூக்குச் சட்டியில் சோறு பாதி, காய் பாதி என்று தாயார் மாற்றிவிட்டார். ஆறு மாதம் கழித்து வந்த சீட்டில் 7.6 என்று இருந்தது. இன்னும் இறங்க வேண்டும். சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, “உள்ள இருக்கற கொழுப்பு இப்ப என்ன சொல்லுது கண்ணு?” என்று கேட்டார். “முன்னைக்கு இப்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறதப்பா” என்றேன். கல்லூரிக்கு வந்த பின் அவர் கேட்டு நான் பதில் சொன்ன முதல் கேள்வி அது.

தாயாரின் நாடாவால் என்னையும் அளந்துகொண்டேன். 31 அங்குலம், ஏறத்தாழ 79 செண்டிமீட்டர். எல்லைக்கு ஒரே ஒரு செண்டிமீட்டர்தான் மிச்சம். தந்தைக்கு நோய் உண்டு என்பதால் அந்த நூறில் பத்து மதிப்பெண் எனக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது. அதை மாற்ற இயலாது. மற்றதை மாற்றலாம். பேருந்துக்குக் காத்திராமல் நிலையத்திலிருந்து கல்லூரி வரை நடந்தே வருகிறேன்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் பெற்றோர் தம் உடலைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை நம்மைவிட்டால் வேறு யாரிடம் கேட்பார்கள்? இந்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு நாடாவைக் கேட்டு வாங்கி அவர்கள் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். தொப்புள் உயரத்தில் வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பின் அளக்க வேண்டும். எண் எல்லையைத் தாண்டியிருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘எனக்கேது கொழுப்பு’ என்று அவர்கள் மறுத்தால், என் தந்தையாரின் கதையைச் சொல்லுங்கள்.